நாற்பத்து நான்காம் பக்கத்துப் பெருக்கல் குறி

இன்ஷிராஹ் அப்லா ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் அட்டையைப் பார்க்க மாட்டார். இடது உள்ளங்கையில் அதைக் கிடத்தி, வலது கட்டைவிரல் நகத்தைப் பக்கங்களின் ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பார். முப்பத்தாறு வருடம் டிக்கெட் கிழித்த நகம். மற்ற நகங்களைவிட ஒரு அரிசி நீளம் கூடுதலாக விட்டு, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்து வைத்திருப்பார். பக்கங்கள் சரசரவென்று ஓடி ஒரு இடத்தில் நிற்கும். அது நாற்பத்து நாலாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தின் கீழ்மூலையை மட்டும் குனிந்து பார்ப்பார். அங்கே நீல மையில் ஒரு சின்ன வட்டமோ பெருக்கல் குறியோ இருந்தால் மூடி அடுக்கில் வைத்துவிடுவார். மூலை வெறுமையாக இருந்தால்தான் புத்தகத்தைத் திருப்பி, பேர் என்ன, யார் எழுதியது என்று பார்ப்பது.

எங்களுடையது நபி தானியால் தெருவில் சுவரோரம் நிற்கிற பச்சைத் தகரக் கடை. பழைய புத்தகம் விற்பதைவிட மாற்றிக் கொடுப்பதுதான் அதிகம். படித்த நாவலைக் கொடுத்து, மேலே கொஞ்சம் சில்லறை வைத்து, படிக்காத ஒன்றை எடுத்துப் போகலாம். ஒரே புத்தகம் ஊரைச் சுற்றிவிட்டுப் பத்துத் தடவை கடைக்குத் திரும்பும். அதற்குள் அட்டை கிழிந்து வேறு அட்டை ஏறியிருக்கும். படித்ததையே மறுபடி எடுத்துப் போய் ஏமாறாமல் இருக்க, வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பக்கமும் ஒரு குறியும் வைத்திருப்பார்கள். நீதிமன்ற எழுத்தர் ஒருவர் நூறாம் பக்க எண்ணைச் சுற்றிக் கட்டம் போடுவார். யாரோ ஒருவர் பதின்மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஆளைத் தெரியாமலே குறியை வருடக்கணக்கில் தெரிந்திருக்கும்.

அப்லாவின் குறி இரண்டு. வட்டம் என்றால் முடித்தேன், பிடித்தது. பெருக்கல் என்றால் இதற்கு மேல் போகவில்லை. ஏன் நாற்பத்து நாலு என்று நான் ஒரு முறைதான் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

“இந்தக் குட்டி நாவலெல்லாம் நூத்தி எழுபத்தாறு பக்கம். அதுல கால் பங்கு நாப்பத்து நாலு. ஒரு கதைக்குக் கால் பங்கு நேரம் குடுத்தாப் போதும்டா அனீஸ். மனுஷங்களுக்கே நான் அவ்வளவு குடுக்கிறதில்ல.”

எல்லோருக்கும் அவர் அப்லா. அக்கா என்பதுதான் அர்த்தம். ஆனால் டிக்கெட் கேட்கிற அக்கா. ரம்ல் டிராமில் பெண்கள் பெட்டியின் கண்டக்டர். வயது ஐம்பத்தெட்டு. விண்வெளி, எதிர்காலம், இயந்திர மனிதன் இந்த மாதிரி நாவல்களைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். காதல் கதை எதையாவது நீட்டினால், “இதெல்லாம் என் பெட்டியில தினமும் ஓசியில கேக்குறேன். சத்தமா வேற பேசுறாளுங்க” என்பார். நான் மடியில் வைத்திருக்கிற கவிதைப் புத்தகத்தை ஒரு நாள் வாங்கிப் புரட்டிவிட்டு, “வரியெல்லாம் பாதியிலயே நிக்குதே. உன் கவிஞருக்குப் பேப்பர் தீந்துபோச்சா, மூச்சு தீந்துபோச்சா?” என்றார்.

அப்பாவின் முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்து, கடை என் கைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பேச்சு எனக்கு வராது. பார்த்துக்கொண்டிருப்பேன். கடைக்குத் திரும்பி வருகிற நாவல்களில் நாற்பத்து நாலைத் திறந்து பார்ப்பது மெல்ல என் பழக்கமும் ஆகிவிட்டது. பழைய வட்டங்கள் வெளுத்து ஊதாவாகியிருக்கும், புதியவை பளிச்சென்று நீலமாக. மையின் வெளிறலை வைத்து எந்தக் காலத்து வட்டம் என்று சொல்லிவிடலாம். அப்படிப் பார்த்தால் ஒரு மனுஷியின் முப்பது, முப்பத்தைந்து வருடம் எங்கள் அடுக்குகளில் சிதறிக் கிடந்தது.

மிகவும் வெளுத்த வட்டங்களெல்லாம் சண்டைக் கதைகளில். வானத்திலிருந்து படைபடையாக இறங்குவார்கள். கெய்ரோவிலிருந்து ஒரு இளம் விஞ்ஞானி புறப்பட்டுப் போய் எதிரியின் கிரகத்தையே வெடிக்க வைப்பான். கிரகம் வெடிக்காவிட்டால் பெருக்கல்தானாம். அடுத்த வரிசை, கல்யாணமான காலத்தது. கணவர் மஹ்ரூஸ் சரக்குக் கப்பலில் இயந்திர மெக்கானிக். ஆறு மாதம் கடல், இரண்டு மாதம் கரை. அந்த வருடங்களில் காலத்தைத் தாண்டிக் குதிக்கிற கதை எதுவாக இருந்தாலும் வட்டம்தான். “ஆறு மாசத்தை ஒரே தாவா தாவ ஒரு பொத்தான் இருந்தா நான் அமுக்க மாட்டேனா?” என்று கேட்டிருக்கிறார். மகன் ஹானி பிறந்ததும் நகரங்கள் அழிகிற நாவல்களுக்கெல்லாம் வரிசையாகப் பெருக்கல் விழுந்ததாம். “அவ்வளவு சாம்பலையும் யாரு கூட்டுறது? எழுதினவன் துடைப்பத்தைக் கையால தொட்டவனே இல்ல.” ஹானி வளர்ந்து மாண்ட்ரியாலுக்கு வேலைக்குப் போன பிறகு இயந்திர மனிதர்கள் வந்தார்கள். கேட்ட கேள்விக்கு அவை பதில் சொல்கின்றனவாம். ஹானியிடம் அது வராதாம்.

ஐம்பதைத் தாண்டியபின் வட்டம் விழுந்த புத்தகங்களை நானும் படித்துப் பார்த்தேன். ஒரே ஆள், ஒரே அறை, ஜன்னலில் ஒரு நட்சத்திரம். நூற்றெழுபத்தாறு பக்கமும் அவ்வளவுதான்.

“அப்லா, இதுல ஒண்ணுமே நடக்கலயே” என்றேன்.

“நடக்குதே. அவன் தினமும் காலைல எழுந்திரிக்கிறான்ல. அந்த எடத்துல அது சின்ன வேலையா?”

போன பிப்ரவரியில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், வேலை முடிந்து சீருடைக் கோட்டோடு வந்தார். வழக்கமாக நேராக அடுக்குக்குப் போகிறவர் அன்று என் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அனீஸ், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இப்பத் திருத்த முடியுமான்னு சொல்லு.”

அடுத்த கால் மணி நேரத்தில் அவர் சொன்னது இது. நிச்சயதார்த்தம் முடிந்திருந்த சமயம். மஹ்ரூஸ் அவருக்கு ஒரு நாவல் வாங்கிக் கொடுத்தார். எங்கள் கடையில்தான், அப்பாவிடம்தான். பேர் ‘ஏழாம் நிலையத்தின் தோட்டக்காரி’. எழுதியவர் தன் சொந்தக் காசில் சில நூறு பிரதி அச்சடித்து, அத்தோடு எழுதுவதை விட்டுவிட்ட யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தூரத்து நிலா ஒன்றில் ஒரு பெண் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். நாற்பத்து நாலு பக்கமும் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். இருபத்து மூன்று வயது இன்ஷிராஹ் பெருக்கல் போட்டு மறுநாளே கடையில் கொடுத்துவிட்டு, ஒரு வெடிக்கிற கிரகத்தை எடுத்துப் போய்விட்டார்.

“சாயங்காலம் இவர் வந்து எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னேன். முடிவு எப்படின்னாரு. அதுவும் நல்லா இருந்துச்சுன்னேன். வேற என்னத்தைச் சொல்ல? நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை குடுத்த முதல் பரிசு.”

“அவர் நம்பிட்டாரா?”

“சிரிச்சாரு. கேளு, கதை இனிமேதான். கல்யாணம் ஆகி முதல் தடவை கப்பலுக்குக் கிளம்பறாரு. வாசல்ல பையைத் தோள்ல போட்டுக்கிட்டு, ‘நான் வர நாளாச்சுன்னா பச்சை அறைக்குத் தண்ணி ஊத்து’ன்னாரு. எங்க வீட்டுல பச்சை அறையும் கிடையாது, மஞ்சள் அறையும் கிடையாது. பாக்கோஸ் பேட்டையில ரெண்டே அறை, ரெண்டும் சுண்ணாம்பு. ஆனா இது அந்தப் புத்தகத்துல வருதுன்னு எனக்குப் புரிஞ்சிருச்சு. ‘சரி கேப்டன், ஊத்தறேன்’னேன். முழுசாப் படிச்சவ மாதிரி.”

“அப்புறமா கேட்டிருக்கலாமே.”

“முதல் வருஷம் வெக்கம். அஞ்சாம் வருஷம் கேட்டா சண்டை. இருபதாம் வருஷம் கேட்டாப் பைத்தியக்காரத்தனம். ஒவ்வொரு தடவை கப்பலேறும்போதும் அதையே சொன்னாரு, நானும் அதையே சொன்னேன். ஆஸ்பத்திரியில கடைசி நாளும் சொன்னாரு. ஆக்சிஜன் மூடியைத் தூக்கிட்டுச் சொன்னாரு. நானும் சரி கேப்டன்னேன்.” நகத்தால் முக்காலியின் விளிம்பைச் சுரண்டினார். “அவர் போய் ரெண்டு குளிர்காலம் ஆயிருச்சு. என்னத்துக்குச் சரின்னு சொன்னேன்னு எனக்குத் தெரியணும் அனீஸ். வேற ஒண்ணும் வேண்டாம்.”

 சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும், ஆனால் வாய் வரவில்லை. அப்லாவின் பெருக்கல் எங்கள் கடையில் வெறும் குறியாக இருந்ததில்லை. அவருடைய ரசனைமேல் அப்பாவுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. மற்ற வாடிக்கைக்காரர்களும் எடுக்கும்முன் நாற்பத்து நாலைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். பெருக்கல் இருந்தால் தொட மாட்டார்கள். போகாத புத்தகம் இடத்தை அடைக்கிறது என்று, பெருக்கல் விழுந்ததையெல்லாம் அப்பா மாதம் ஒரு முறை கட்டி எடைக்குப் போட்டுவிடுவார். அந்தக் காகிதம் நேராகக் கடற்கரைக்குப் போய்ப் பொட்டலமாகும்.

இதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அப்லா மழைப் பக்கம் திரும்பினார். “அப்படின்னா, நாங்க ரெண்டு பேரும் கடற்கரையில உக்காந்து துர்முஸ் பருப்பு தின்ன பொட்டலத்துல அந்தத் தோட்டக்காரி இருந்திருப்பா” என்றார். “என் கையாலயே எழுதிக் குடுத்திருக்கேன்.” எழுந்து கோட்டை உதறினார். “உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், என் கிறுக்கலை வேதவாக்கா எடுத்துக்கிட்டாருன்னு. நான் கொஞ்சம் யோசிச்சுப் போட்டிருப்பேன்.”

வேறு பிரதி எங்காவது இருக்கும், தேடுவது என்று முடிவானது. நான் தெருவிலுள்ள மற்றக் கடைகளில் கேட்டேன். அதாவது ஒரு சீட்டில் பேரை எழுதி ஒவ்வொரு கடையிலும் கொடுத்துவிட்டு வந்தேன். ஹானி மாண்ட்ரியாலில் இருந்து இணையமெல்லாம் துழாவி, அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று அம்மாவுக்குத் தகவல் அனுப்பினான். “உனக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா?” என்று அப்லா திருப்பி அனுப்பினார். அவருடைய உண்மையான படை பெண்கள் பெட்டியில் இருந்தது. டிக்கெட்டோடு சேர்த்துக் கேள்வியும் கொடுத்தார். ஒரு வாரத்தில் விக்டோரியாவிலிருந்து ரம்ல் நிலையம்வரை எல்லா நிறுத்தத்துக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆசிரியைகள், நர்ஸுகள், சந்தைக்குப் போகிறவர்கள் என்று ஆளாளுக்கு எதையோ கொண்டுவந்து அவர் பையில் போட்டார்கள். வியாழக்கிழமைகளில் அதையெல்லாம் என் முன்னால் கொட்டுவார். வீட்டுத் தோட்டம் போடுவது எப்படி என்று ஒன்று. ரயில்வே நிலையங்களின் கால அட்டவணை ஒன்று. தோட்டக்காரனைக் காதலித்துக் கெட்டுப்போன பணக்காரப் பெண்ணின் கதை மூன்று பிரதி.

“இதுல ஒண்ணைப் படிச்சேன்” என்றார் மூன்றாவது வாரம்.

“எப்படி?”

“அவ அவனைக் கட்டிக்கிட்டிருக்கணும்.”

சிரித்தார், ஆனால் நகத்தால் புத்தகங்களின் ஓரத்தை இழுத்துக்கொண்டே இருந்தார். எதிலும் நின்று பார்க்கவில்லை. அந்த மாதத்தில் அவர் வேறு நாவல் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை என்று அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார். எந்தப் புத்தகத்தைத் தேடுகிறார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான், எடைக்குப் போகாமல் தப்பியது எங்காவது இருக்கலாம் என்று, நான் கடை வாசலில் ஒரு அட்டையை எழுதித் தொங்கவிட்டேன். ‘நாற்பத்து நான்காம் பக்கத்தில் நீலப் பெருக்கல் குறி உள்ள நாவல்கள் தேவை.’ வாயால் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

நான்காம் நாள் டாக்டர் வஜீஹ் வந்தார். இப்ராஹிமியாவில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். மருந்துக்கடைக்காரர்களை டாக்டர் என்றுதான் நாங்கள் கூப்பிடுவது. இப்போதெல்லாம் வருடத்துக்கு நாலைந்து முறைதான் வருவார். அடுக்கின் கடைசியில் எதையோ கிளறுவார், எடுத்துக்கொண்டு போவார். பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். அதனால் எங்களுக்குள் நல்ல பழக்கம். அன்று அட்டைமுன் நின்று மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார்.

“தம்பி, எடைக்குப் போடவா கேக்குறீங்க?”

“இல்லீங்க டாக்டர்.”

“அப்படின்னா எதுக்கு?”

“அந்தப் பெருக்கலைப் போட்டவங்களே கேக்குறாங்க.”

அவர் முகம் மாறியது. “உயிரோட இருக்காங்களா?” என்றார். பிறகு அவசரமாக, “மன்னிச்சுக்குங்க. புது மையில பெருக்கல் கண்ணுல பட்டு வருஷக்கணக்காச்சு, வயசான ஆளா இருந்து போய்ச் சேந்திருப்பாருன்னே நெனச்சுக்கிட்டேன். ஆம்பளைன்னு வேற” என்றார்.

மறுநாள் பகல் ஷிப்டு முடிந்ததும் அப்லாவை அழைத்துக்கொண்டு நான் இப்ராஹிமியாவுக்குப் போனேன். டாக்டர் கடையின் உள்ளறைக் கதவைத் திறந்து விட்டார். சுவரளவு மர அலமாரி. இருமல் மருந்துப் பெட்டிகளுக்குக் கீழே நான்கு தட்டு முழுக்கக் குட்டி நாவல்கள். அப்லா ஒன்றை உருவி நகத்தை வைத்து இழுத்தார். நாற்பத்து நாலு. வெளுத்த பெருக்கல். இன்னொன்று. பெருக்கல். அடுத்ததும் பெருக்கல். எதையோ நினைத்துக்கொண்டவராகப் பதின்மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். பென்சில் புள்ளி.

“அந்தப் புள்ளி நீங்கதானா?” என்றார்.

“நான்தான் அம்மணி.”

“நான் வட்டம் போட்ட புத்தகத்துல ஒண்ணுலகூட உங்க புள்ளியைப் பாத்ததில்லயே.”

“நீங்க வட்டம் போட்டா நான் தொட மாட்டேன். ரெண்டு தடவை தொட்டேன். ரெண்டுலயும் கிரகம் வெடிச்சுது, எனக்குத் தலைவலி வந்துது. நீங்க பெருக்கல் போட்டது கண்ணுல பட்டா அப்பவே எடுத்துருவேன். முன்னெல்லாம் மாசா மாசம் எடைக்காரன் வர்றதுக்கு முன்னாடி வந்து பொறுக்கிருவேன். முப்பது வருஷத்துக்கு மேல எனக்கு வழிகாட்டி நீங்கதான். ஒரு தடவைகூட ஏமாத்தினதில்ல.”

“என் ரசனை அவ்வளவு மோசம்னு சொல்றீங்க.”

“அவ்வளவு நம்பகம்னு சொல்றேன்.”

அப்லா அவரை மேலும் கீழும் பார்த்தார். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களைப் பார்க்கிற பார்வை. பிறகு இருவருமே சிரித்துவிட்டார்கள். நான் இருமல் மருந்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

‘ஏழாம் நிலையத்தின் தோட்டக்காரி’ மேல்தட்டில் முதல் புத்தகமாக இருந்தது. டாக்டர் தேடக்கூட இல்லை, கையை நீட்டி எடுத்தார். “இதுதான் முதல்ல வந்தது. நான் மருந்தியல் படிச்சுக்கிட்டிருந்த காலம். உங்கப்பா” என்று என் பக்கம் திரும்பினார், “கூப்பிட்டு, ‘இதை எடுத்துட்டுப் போய்ப் பத்திரமா வெச்சுக்க, திருப்பிக் கொண்டுவராதே’ன்னு சும்மாவே குடுத்தாரு. பதிலுக்கு ஒரு புத்தகம்கூட வாங்கல. படிச்சுப் பாத்தேன், எனக்குப் பிடிச்சிருந்துது. அப்புறம்தான் இந்தப் பெருக்கல் போட்டதெல்லாம் தேட ஆரம்பிச்சேன்.”

அப்பா சும்மா கொடுத்தார் என்பது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது. எனக்கே மாற்றிக்கொள்ளாமல் புத்தகம் கொடுத்தவரில்லை அவர். ஆனால் அப்லாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதை விட்டுவிட்டேன். அவர் இந்த முறை நகத்தை இழுக்கவில்லை. ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் போய் நாற்பத்து நாலில் நின்று, தான் இருபத்து மூன்று வயதில் போட்ட குறியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“எடுத்துட்டுப் போங்க” என்றார் டாக்டர்.

“சும்மாவா? அது முறையில்ல.” பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து நீட்டினார். நீல வட்டம் போட்டது. “மாத்திக்கலாம். கிரகம் வெடிக்காது. ஒரு சின்னத் துணைக்கோள் மட்டும்.”

“அனுபவிக்கிறேன்” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் டாக்டர், மருந்து வாங்குகிறவர் மாதிரி.

வெள்ளிக்கிழமை அப்லாவுக்கு ஓய்வு. காலையில் என் கடைக்கு எதிரிலுள்ள காபிக் கடையில், கண்ணாடி ஓரத்து மேசையில் வந்து உட்கார்ந்தார். ஒரு கிளாஸ் வெந்தயக் கஷாயம் சொன்னார். நான் இந்தப் பக்கம் அடுக்குகளைத் துடைக்கிற மாதிரி நின்றேன். முதலிலிருந்து படித்தார். ஒரு இடத்தில் பேனாவை எடுத்து மூடி திறந்து, எழுதாமல் மூடி வைத்தார். அது நாற்பத்து நாலாக இருக்க வேண்டும். தாளைத் திருப்பினார். அதற்கு அடுத்த தாள்கள் மெதுவாகத் திரும்பின. அப்புறம் ஒன்று திரும்பவேயில்லை. கஷாயத்தில் ஆடை படிந்தது. பரிசாரகர் வந்து ஏதோ கேட்டார், அவர் நிமிரவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“உக்காரு. அம்பத்தொண்ணாம் பக்கம். ஏழு பக்கம் அனீஸ். ஏழே ஏழு பக்கம் தள்ளி இருந்திருக்கு.” புத்தகத்தை என் பக்கம் திருப்பி விரல் வைத்துக் காட்டினார். நிலையத்தை மூடப் போகிறார்கள், எல்லோரும் இறங்கிப் போகிறார்கள். இயந்திரக்காரன் கடைசியாக ஒரு பழுதைப் பார்க்க வெளியே கிளம்புகிறான். வாசலில் நின்று தோட்டக்காரியிடம், நான் வர நாளாச்சுன்னா பச்சை அறைக்குத் தண்ணி ஊத்து என்கிறான். நான் படித்து முடிக்கும்வரை அப்லா காத்திருந்தார்.

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அவ செடிப் பைத்தியம், அதான் சும்மா ஊத்திக்கிட்டே இருக்கான்னு. அந்த நிலாவுல காத்தே கிடையாதாம். அந்த அறையில இருக்கிற செடிங்க விடுறதுதான் மொத்த நிலையத்துக்கும் காத்து. செடி வாடினா அவளுக்கு மூச்சு நின்னுரும்.” கஷாயத்தின் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினார். “முப்பத்து மூணு வருஷமா இந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் மூச்சு விட மறந்துராதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நானும் சரி கேப்டன், சரி கேப்டன்னு சொல்லியிருக்கேன்.”

 “செய்யவும் செஞ்சிருக்கீங்க அப்லா” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பேச ஆரம்பிச்சுட்டியே” என்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேருக்கு.

முழுவதையும் அன்றே முடித்துவிட்டார். முடிவைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார், ஆனால் எழுந்து போகும்போது நடையில் ஒரு அவசரம் இருந்தது. நாற்பத்து நாலாம் பக்கத்தில் பழைய பெருக்கலைச் சுற்றிப் புது மையில் ஒரு வட்டம். அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள் டாக்டரின் அலமாரிக்குப் போகிறார். தான் தள்ளிய நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்து, நாற்பத்தைந்தாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். வியாழக்கிழமைகளில் எனக்கு அறிக்கை வரும். சிலவற்றில் பெருக்கலைச் சுற்றி வட்டம் ஏறியிருக்கும். சிலவற்றில் பெருக்கல்மேலேயே இன்னொரு பெருக்கல். “இருபத்தஞ்சு வயசுல நான் ஒண்ணும் முழு முட்டாளா இருக்கல” என்பார். டாக்டர் அந்தத் துணைக்கோள் நாவலைப் பாதிவரை படித்துவிட்டதாகக் கேள்வி. அடுத்த வருடம் ஓய்வு பெற்றதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றும், இப்போது வட்டம் போடுவதில் எத்தனை அப்போது நிற்கும் என்று பார்க்க வேண்டும் என்றும் அப்லா சொல்லிக்கொண்டிருக்கிறார். எடைக்காரரை நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடையில் இடம்தான் இல்லை.

போன வாரம் அப்பாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் புத்தகத்தை ஏன் டாக்டருக்குச் சும்மா கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“சும்மாவா குடுத்தேன்? அதுக்கு ஒருத்தன் காசு குடுத்திருந்தான்” என்றார் அப்பா. “அந்தக் கப்பல்காரப் பையன். பொண்ணு புத்தகத்தைத் திருப்பிக் குடுத்ததுக்கு மறுநாள் கடைக்கு வந்தான். அவன் வாங்கினதே அடுக்குல நின்னுது. அவ குறி அவனுக்கும் தெரியும், எடுத்து நாப்பத்து நாலைப் பாத்தான், பெருக்கல். விழுந்து விழுந்து சிரிச்சான். ரெண்டாவது தடவையும் காசு குடுத்து அதையே வாங்கி, திரும்ப என் கையில குடுத்துட்டுப் போனான். ‘ஹாஜி, இதை எடைக்குப் போட்டுராதீங்க. யாராவது பத்திரமா வெச்சிருக்கிற ஆளாப் பாத்துக் குடுங்க. இப்ப அவளுக்கு இது பிடிக்காது. அம்பது வயசுக்கு மேல தேடிக்கிட்டு வருவா’ன்னான்.”

மஹ்ரூஸுக்கு அப்போது வயது இருபத்தாறு. கல்யாணத்துக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.